கரையாத மருந்தைச் சுமக்கும் சர்க்கரை வளையம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில், மருந்துகளோடு சேர்க்கப்படும் துணைப்பொருட்களைப் பற்றிய குறிப்பில் 'சைக்ளோடெக்ஸ்ட்ரின்' என்ற சர்க்கரை வளையத்தின் பெயர் ஒரே ஒரு வரியில் இடம்பெற்றது. அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை மிகுதி என்பதால், இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (ஈரோடு வாசகர்): என் அண்ணனுக்கு நுரையீரலில் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டு, வோரிகோனசோல் ஊசி போட்டுவந்தார்கள். அவருக்கு முன்பிருந்தே சிறுநீரகம் பலவீனம். இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவு கூடியதும், மருத்துவர் ஊசியை நிறுத்தி அதே மருந்தை மாத்திரையாக மாற்றினார். "மருந்தில் சிக்கல் இல்லை, அதைக் கரைக்கச் சேர்த்த பொருள்தான் உடம்பில் தங்கிவிடும்" என்றார். அது என்ன பொருள்? மாத்திரை, ஊசி அளவுக்கு வேலை செய்யுமா?

பதில்: மருத்துவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். வோரிகோனசோல் நீரில் எளிதில் கரையாத மருந்து. ஒரு மில்லி லிட்டர் நீரில் ஒரு மில்லி கிராம்கூட முழுதாகக் கரைவதில்லை. இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மருந்தோ தெளிந்த கரைசலாக இருந்தே தீரவேண்டும். ஆகவே 200 மில்லி கிராம் மருந்துள்ள ஒவ்வொரு குப்பியிலும் சல்போபியூட்டைல் ஈதர் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் பொருளை 3,200 மில்லி கிராம் சேர்த்து, உறையவைத்து உலர்த்திய தூளாக அடைக்கிறார்கள். அதில் 19 மில்லி லிட்டர் நீரை விட்டுக் குலுக்கினால், மில்லி லிட்டருக்கு 10 மில்லி கிராம் என்ற செறிவில் மருந்து முழுவதும் கரைந்துவிடுகிறது.

அதாவது, குப்பியில் மருந்தைப் போல 16 மடங்கு எடைக்குத் துணைப்பொருள் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, முதல் நாளுக்குப் பிந்தைய வழக்கமான அளவான கிலோவுக்கு 4 மில்லி கிராம் வீதம் நாளுக்கு இருமுறை கொடுத்தால், உள்ளே போகும் மருந்து 480 மில்லி கிராம்; அதனோடு போகும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஏறத்தாழ 7.7 கிராம். 'செயலற்ற பொருள்' என்று சிறிய எழுத்தில் அச்சிடப்படும் ஒன்று இவ்வளவு எடையில் இரத்தத்துக்குள் போகிறது என்பதை, நோயாளியின் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன்.

இரத்தத்தில் கலந்தவுடன் மருந்தும் துணைப்பொருளும் பிரிந்துவிடுகின்றன. மருந்தைக் கல்லீரல் சிதைக்கிறது. சைக்ளோடெக்ஸ்ட்ரினை உடல் சிதைப்பதில்லை. அது அப்படியே சிறுநீர் வழியாக வெளியேற வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவரிடம் சில மணி நேரத்திலேயே அது வெளியேறிவிடுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 50 மில்லி லிட்டருக்கும் குறைவாக உள்ளவர்களிடம் அது தேங்குகிறது. விலங்குகளுக்கு மிகுந்த அளவில் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரக நுண்குழல்களின் உள்வரிச் செல்களில் குமிழ்கள் தோன்றின. அதனால்தான், இத்தகைய நோயாளிகளுக்கு இயன்றவரை வாய்வழி மருந்தையே கொடுக்குமாறும், ஊசியின் நன்மை தீமையைவிடத் தெளிவாக மிகுந்திருந்தால் மட்டுமே அதைத் தொடருமாறும் மருந்துக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். நோயாளிகளிடையே பின்னாளில் நடந்த பல ஆய்வுகளில் அத்தகைய சேதம் தெளிவாகத் தென்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆகவே, ஊசி போட்ட அந்தச் சில நாட்களை எண்ணி நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

மாத்திரையைப் பற்றி: வோரிகோனசோல் மாத்திரையில் இந்தத் துணைப்பொருள் கிடையாது. உடல்நலமுள்ளவர்களிடம் விழுங்கிய மருந்தில் ஏறத்தாழ 96 விழுக்காடு இரத்தத்தை அடைகிறது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ கொடுப்பது முக்கியம். உணவோடு சேர்த்தால் உறிஞ்சப்படும் அளவு குறைந்துவிடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். இரத்தத்தில் இம்மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடும் என்பதால், வசதியுள்ள மருத்துவமனைகளில் அதை அளந்தும் பார்ப்பார்கள்.

கொரோனா காலத்தில் பல குடும்பங்கள் தேடி அலைந்த ரெம்டெசிவிரிலும் இதே பொருள்தான் இருந்தது. 100 மில்லி கிராம் தூள் குப்பி ஒன்றில் 3 கிராம். சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கு அம்மருந்து அப்போது பரிந்துரைக்கப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் சேர்ந்த தரவுகளைப் பார்த்து, 2023 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் தடையை நீக்கியது.

கேள்வி (கடலூர், மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை): சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது சர்க்கரை வளையம் என்று எழுதியிருந்தீர்கள். சர்க்கரை நீரில் கரையக்கூடியது. எண்ணெய்த்தன்மை கொண்ட மருந்தை அது எப்படிப் பிடித்து வைத்திருக்கும்? என் மாணவர்களுக்குச் சொல்லும்படி விளக்குவீர்களா? இதன் வரலாற்றையும் சிறிது சொல்லுங்கள்.

பதில்: மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட சங்கிலி என்பது உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். சில பாக்டீரியாக்களிடமுள்ள ஒரு நொதி, அச்சங்கிலியில் ஆறு, ஏழு அல்லது எட்டு மணிகளை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிவிடும். ஆறு மணி கொண்டது ஆல்ஃபா, ஏழு பீட்டா, எட்டு காமா.

இந்த வளையம் வளையல் போலத் தட்டையானதன்று. அடி இல்லாத டம்ளரைப் போல, ஒரு வாய் சற்று அகன்றும் மறு வாய் குறுகியும், 0.8 நானோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீரை விரும்பும் ஹைட்ராக்சில் தொகுதிகள் எல்லாம் இரண்டு வாய்களின் விளிம்புகளிலும் நிற்கின்றன. உட்சுவரிலோ கார்பனோடு பிணைந்த ஹைட்ரஜன்களும் ஈதர் ஆக்சிஜன்களும்தான் இருக்கின்றன. ஆகவே வெளிப்புறம் நீரோடு உறவாடுகிறது. உட்புறம் நீரை அவ்வளவாக விரும்புவதில்லை. உங்கள் கேள்விக்கான விடை இந்த இரட்டை இயல்பில்தான் இருக்கிறது.

மருந்து வருவதற்கு முன் அந்தக் குழிவுக்குள் சில நீர் மூலக்கூறுகள் இருக்கும். வெளியே இருக்கும் நீரைப்போல அவற்றால் சுற்றிலும் ஹைட்ரஜன் பிணைப்புகளை அமைத்துக்கொள்ள இயலாது. ஒரு வகையில் அவை அங்கே நெருக்கடியில் இருக்கின்றன. மறுபுறம், எண்ணெய்த்தன்மையுள்ள மருந்து மூலக்கூறு நீருக்கு நடுவில் நிற்பதும் ஆற்றல் நோக்கில் இலாபமில்லாத நிலை. மருந்தின் பென்சீன் வளையம் போன்ற ஒரு பகுதி குழிவுக்குள் நுழைந்து, உள்ளிருந்த நீர் வெளியேறும்போது இரண்டு குறைகளும் ஒருசேரத் தீர்கின்றன. புதிய சகப்பிணைப்பு எதுவும் உருவாவதில்லை. இடங்கொடுக்கும் மூலக்கூறை விருந்தோம்பி என்றும், உள்ளே தங்குவதை விருந்தினர் என்றும் வேதியியலார் அழைக்கிறார்கள். இத்தகைய மூலக்கூறுகளைத் திட்டமிட்டுப் படைத்ததற்காக டொனால்ட் கிராம், ஷான்-மாரி லேன், சார்லஸ் பெடர்சன் ஆகிய மூவரும் 1987-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. உள்ளே புகுந்த மருந்து அங்கேயே அடைபட்டுக் கிடப்பதில்லை. நொடிக்குள் பலமுறை அது வெளியேறுவதும் நுழைவதுமாக, ஒரு சமநிலை நிலவுகிறது. ஊசிக் குப்பியில் வளையங்கள் நெருக்கமாக இருப்பதால் மருந்தின் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது. அதே கரைசல் சில லிட்டர் இரத்தத்தில் கலந்து நீர்த்துப்போகும்போது, சமநிலை வெளிப்பக்கம் சாய்ந்து மருந்து விடுபடுகிறது. இரத்தப் புரதங்களும் மருந்தைத் தம்பக்கம் இழுக்கின்றன. லெ சாட்லியர் கோட்பாட்டை நடத்தும்போது இதை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

வரலாற்றையும் சிறிது கேட்டிருந்தீர்கள். 1891-ல் பிரான்சில் அந்துவான் வில்லியே, ஒரு கிலோ மாவுச்சத்தைப் பாக்டீரியாவால் செரிக்கவைத்து மூன்று கிராம் அளவுக்குப் படிகங்களைப் பெற்றார். அது என்ன பொருள் என்பது அப்போது தெளிவாகவில்லை. வியன்னாவில் ஃபிரான்ஸ் ஷார்டிங்கர், சமைத்த உணவிலும் சாகாத நுண்ணுயிர்களை ஆராய்ந்தபோது அதே படிகங்களைக் கண்டு, 1903 முதல் சில ஆண்டுகள் அவற்றை ஆராய்ந்தார். கார்ல் ஃபிராய்டன்பர்கும் அவருடைய மாணவர்களும் வளைய அமைப்பை உறுதிசெய்து, மருந்துக்கு இதைப் பயன்படுத்தலாம் என்ற காப்புரிமையை 1953-ல் ஜெர்மனியில் பெற்றார்கள். பிறகு 1957-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில், பீட்டா வளையத்தைத் தின்ற எலிகள் இறந்துபோனதாக விவரமில்லாத ஒரு குறிப்பு இடம்பெற்றது. பொருளில் கலந்திருந்த மாசே காரணமாயிருக்கலாம் என்று பிற்காலத்தில் கருதினார்கள். ஆனால் அந்தக் குறிப்பு உண்டாக்கிய அச்சம் இத்துறையைப் பல ஆண்டுகள் தாமதப்படுத்திவிட்டது. முதல் மருந்து 1976-ல்தான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது: எளிதில் சிதையும் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற மருந்தைப் பீட்டா வளையத்தில் வைத்துப் பாதுகாத்த, நாவின் கீழ் வைக்கும் மாத்திரை.

கேள்வி (கோவை, பி.ஃபார்ம் இறுதியாண்டு மாணவர்): எங்கள் புராஜெக்டில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினோடு ஒரு வலி நிவாரணியைப் பிசைந்து அணைவு (வளையத்துக்குள் மருந்து அமர்ந்த சேர்க்கை) தயாரித்தோம். டி.எஸ்.சி.யில் (சூடாக்கும்போது ஏற்படும் வெப்ப மாற்றங்களை அளக்கும் சோதனை) மருந்தின் உருகுநிலை உச்சி மறைந்துவிட்டது. அணைவு உருவானதற்கு இது போதுமா? இம்முறை இவ்வளவு எளிதென்றால், கரையாத மருந்துகள் அனைத்துக்கும் ஏன் இதைப் பயன்படுத்துவதில்லை?

பதில்: போதாது. உச்சி மறைவது, மருந்து தன் படிக வடிவத்தை இழந்துவிட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. அது வளையத்துக்குள் போயிற்றா, வெளியே உருவற்ற தூளாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. பிசையாமல் வெறுமனே கலந்த அதே விகிதக் கலவையை அருகில் வைத்து ஒப்பிட்டீர்களா? அது முதல் கடமை. அடுத்து, வாய்ப்பிருந்தால் என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் அணுக்கள் தரும் சமிக்ஞைகளைப் பதியும் சோதனை) பாருங்கள். குளுக்கோஸ் அலகின் மூன்றாம், ஐந்தாம் கார்பன்களில் உள்ள ஹைட்ரஜன்கள் குழிவை நோக்கி உட்புறம் இருப்பவை. விருந்தினர் உள்ளே வந்தால் அவற்றின் சமிக்ஞைகள் இடம்பெயரும். வெளிப்புற ஹைட்ரஜன்களின் சமிக்ஞைகள் பெரிதாக நகராமல் இவை மட்டும் நகர்ந்தால், உங்கள் வாதத்துக்கு நல்ல சான்று கிடைத்துவிட்டது.

செலவே இல்லாத இன்னொரு சோதனை, ஹிகுச்சியும் கானர்ஸும் 1965-ல் வகுத்த கரைதிறன் முறை. வளையத்தின் செறிவைப் படிப்படியாகக் கூட்டிய குப்பிகளில் மிகுதியான மருந்தைப் போட்டு, சமநிலை எய்தும்வரை குலுக்கி, வடிகட்டி, கரைந்த அளவை அளந்து வரைபடம் வரையுங்கள். கோடு நேராக ஏறினால், அதன் சாய்வையும் வளையம் இல்லாதபோது கரைந்த அளவையும் கொண்டு, மருந்தை வளையம் எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதைக் காட்டும் பிணைப்பு மாறிலியைக் கணக்கிடலாம். கோடு வளைந்து கீழிறங்கினால், உருவான அணைவே கரையாமல் படிகிறது என்று பொருள். பீட்டாவில் இது அடிக்கடி நேரும். 25 பாகை செல்சியஸில் 100 மில்லி லிட்டர் நீரில் ஆல்ஃபா 14.5 கிராமும் காமா 23.2 கிராமும் கரைய, பீட்டா 1.85 கிராம்தான் கரைகிறது. ஏழு அலகுகளின் விளிம்பு ஹைட்ராக்சில்கள் தமக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்வதால் நீருக்குக் கொடுக்கக் கை மிஞ்சுவதில்லை. அந்த ஒழுங்கைக் குலைப்பதற்காகத்தான் ஹைட்ராக்சிபுரோப்பைல், சல்போபியூட்டைல் ஆகிய தொகுதிகளை ஒட்டினார்கள். மாற்றாத பீட்டாவை ஊசியில் பயன்படுத்துவதும் இல்லை. அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

எல்லா மருந்துக்கும் ஏன் இல்லை என்பதற்கு முதல் காரணம் எடை. பீட்டாவின் மூலக்கூறு எடை 1,135. உங்கள் மருந்தின் மூலக்கூறு எடை 300 என்று கொண்டால், ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்திலேயே மருந்தைப்போல 3.8 மடங்கு வளையம் தேவை. 20 மில்லி கிராம் பைராக்சிகாம் என்ற வலி நிவாரணிக்கு இது பொருந்துகிறது. ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த அதன் அணைவு மாத்திரையில் 191.2 மில்லி கிராம் அணைவு இருக்கிறது, விழுங்கக்கூடிய அளவுதான். வேளைக்கு 500 மில்லி கிராம் வேண்டிய மருந்துக்கோ, வளையம் மட்டுமே ஏறத்தாழ 1.9 கிராம் ஆகிவிடும். அந்த மாத்திரையை யார் விழுங்குவார்?

இரண்டாவது காரணத்தை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். குடல் சுவரைக் கடப்பது விடுபட்ட மருந்து மட்டுமே; வளையமும் அணைவும் கடப்பதில்லை. தேவைக்கு மேல் வளையத்தைச் சேர்த்தால் கரைசல் அழகாகத் தெளியும், ஆனால் விடுபட்ட மருந்தின் செறிவு குறைந்து உறிஞ்சுதலும் குறையும். ஆகவே கரைக்கத் தேவையான அளவுக்குச் சற்றே கூடுதலாக மட்டும் சேர்ப்பதே முறை. கரைதிறன் எத்தனை மடங்கு கூடிற்று என்பதோடு ஆய்வறிக்கையை முடித்துவிடாமல், ஒரு சவ்வின் வழியாக மருந்து எவ்வளவு கடந்தது என்பதையும் அளந்து சேருங்கள். உங்கள் தேர்வாளர் கேட்க வேண்டிய கேள்வி அது.

கேள்வி (மதுரை வாசகி): படர்தாமரைக்கு இட்ராகோனசோல் கேப்சூலைச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னார்கள். வெளிநாட்டிலுள்ள என் மகள், அங்கே அதே மருந்தைத் திரவமாக, வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னதாகக் கூறுகிறாள். இருவரில் யாருக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்?

பதில்: இருவருக்கும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். இட்ராகோனசோல் கரைவதற்கு வலுவான அமிலம் வேண்டும். கேப்சூலிலுள்ள மருந்து, உணவால் சுரக்கும் இரைப்பை அமிலத்தில்தான் கரையத் தொடங்குகிறது. நெஞ்செரிச்சலுக்கான அமிலக் குறைப்பு மாத்திரையை நீங்கள் போடுபவராக இருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கேப்சூல் சரிவர உறிஞ்சப்படாமல் போகக்கூடும். திரவத்தில் மருந்து ஏற்கெனவே ஹைட்ராக்சிபுரோப்பைல் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினால் கரைக்கப்பட்டிருப்பதால் உணவின் துணை தேவையில்லை. வெறும் வயிற்றில் இன்னும் நன்றாக உறிஞ்சப்படுகிறது. ஆனால் 200 மில்லி கிராம் மருந்துக்கு 20 மில்லி லிட்டர் குடிக்கவேண்டும். அதில் 8 கிராம் சைக்ளோடெக்ஸ்ட்ரின் இருக்கும். குடலில் உறிஞ்சப்படாத அப்பொருளால் சிலருக்கு வயிறு இளகும். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அதே அளவில் மாற்றிக்கொள்ளக் கூடாது.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): மஞ்சளின் குர்குமினைச் சைக்ளோடெக்ஸ்ட்ரினில் வைத்து விற்கும் கேப்சூல்கள் பயன் தருமா?

பதில்: காமா வளையத்தில் வைத்த குர்குமின், வெறும் தூளைவிட மிகுதியாக இரத்தத்தில் சேர்கிறது என்பது உண்மை. இரத்தத்தில் சேர்ந்தது நோயைத் தீர்க்கும் என்பதற்கு அது சான்றாகாது. உறிஞ்சுதலை மிகுதியாக்கிய மஞ்சள் தயாரிப்புகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை அடுத்து, இத்தாலி, ஆஸ்திரேலியா நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரிக்கை வெளியிட்டன. குழம்பிலும் பாலிலும் சேரும் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாத வாசகி): பித்தப்பை அறுவைக்குப் பின், நான் கருத்தடை மாத்திரை உட்கொள்வதை அறிந்த மயக்க மருந்து மருத்துவர், ஏழு நாட்களுக்கு வேறு பாதுகாப்பு முறையையும் சேர்த்துப் பின்பற்றச் சொன்னார். சுகமாடெக்ஸ் என்ற ஊசியே காரணம் என்றார். சைக்ளோடெக்ஸ்ட்ரின் வகை என்று அதன் பெட்டியில் படித்தேன். அது எந்த மருந்தைக் கரைக்கிறது?

பதில்: இங்கே கதை தலைகீழாக நடக்கிறது. சுகமாடெக்ஸ் எந்த மருந்தையும் கரைப்பதற்காக வரவில்லை. இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு மருந்தைப் பிடித்து அடக்குவதற்காக வந்திருக்கிறது. அறுவையின்போது தசைகளைத் தளர்த்த ரோகுரோனியம் கொடுக்கிறார்கள். அறுவை முடிந்ததும் நோயாளி தாமே மூச்சுவிட, அதன் விளைவு நீங்கவேண்டும். நெடுங்காலம் இதற்கு நியோஸ்டிக்மின் பயன்பட்டது. அது ரோகுரோனியத்தை அகற்றுவதில்லை. நரம்புமுனையில் அசிட்டைல்கோலின் அளவைக் கூட்டி, போட்டியில் அதை வெல்லவைக்கிறது. தளர்ச்சி ஆழமாக இருக்கும்போது அம்முறை போதாது.

ஸ்காட்லாந்தின் நியூஹவுஸில் இருந்த ஆர்கனான் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஆன்டன் பாம் என்ற ஆய்வாளர் ரோகுரோனியத்தைக் கரைக்கும் பொருளைத் தேடுகையில், கரைப்பதற்குப் பதிலாக இறுகப் பற்றும் வளையத்தையே ஏன் மருந்தாக்கக் கூடாது என்ற எண்ணத்துக்கு வந்தார். காமா வளையத்தின் எட்டு அலகுகளிலும் ஒவ்வொரு நீண்ட பக்கச் சங்கிலியை ஒட்டினார்கள். குழிவு ஆழமாயிற்று, சங்கிலி முனைகளின் எதிர்மின்னூட்டங்கள் ரோகுரோனியத்தின் நேர்மின்னூட்ட நைட்ரஜனை இழுத்துப் பிடிக்கின்றன. சாதாரண அணைவுகளில் ஆயிரங்களில் நிற்கும் பிணைப்பு மாறிலி இங்கே கோடி அளவில் இருக்கிறது. இரத்தத்தில் விடுபட்ட ரோகுரோனியம் குறையக் குறைய, தசையில் இருப்பதும் இரத்தத்துக்குத் திரும்பி வந்து சிக்கிக்கொண்டு, அணைவாகவே சிறுநீரில் வெளியேறுகிறது. ஐரோப்பாவில் 2008-லும் அமெரிக்காவில் 2015-லும் ஒப்புதல் கிடைத்தது. வேறு வடிவமுள்ள அட்ராகுரியம், சக்சினைல்கோலின் ஆகிய தசை தளர்த்திகளை இது பிடிப்பதில்லை.

ரோகுரோனியத்தின் உடல் ஸ்டீராய்டு வளையங்களால் ஆனது. கருத்தடை மாத்திரையிலுள்ள புரொஜெஸ்டோஜன் என்ற ஹார்மோனும் ஸ்டீராய்டுதான் என்பதால், அதில் ஒரு பகுதியையும் சுகமாடெக்ஸ் பற்றிக்கொள்ளக்கூடும். அன்றைய மாத்திரை ஒன்றைத் தவறவிட்டதற்குச் சமமாக இதைக் கருதவேண்டும். ஆகவே வழக்கமான மாத்திரையை நிறுத்தாமல் தொடருங்கள். ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்குப் பதிலாகத் தோலுக்கடியில் பதித்த சாதனமோ ஹார்மோன் ஊசியோ பயன்படுத்துபவர்களுக்கும் இதே ஏழு நாள் கணக்குதான். அறுவைக்கு முன் மருந்துகளின் பட்டியலைக் கேட்கும்போது கருத்தடை மாத்திரையைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள்; அதையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.